கம்பிக்கும் கால் அங்குலம்

அன்ரியை நான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தபோது அவர் தரையில் கிடந்தார். கதிரையில்தான் இருந்தார், இரத்தம் எடுக்கிற ஊசியைப் பிரித்துக்கொண்டு நான் திரும்புவதற்குள் சரிந்து நிலத்துக்கு வந்துவிட்டார். வெள்ளவத்தையில் ஒரு சின்ன இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். தண்ணீர் தெளித்து எழுப்பி, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். நேற்றுக் காலை என்றார்.

"பத்து மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தாக் காணுமெண்டுதானே அன்ரி துண்டில போட்டிருக்கு?"

"ஓம் பிள்ளை, வாசிச்சனான். எதுக்கும் கொஞ்சம் கூட விட்டு வைப்பமெண்டு..."

சீனி வருத்தம் இருக்கிறதா என்று பார்க்க வந்தவருக்குச் சீனி போட்ட தேத்தண்ணீர் கொடுத்து அனுப்ப வேண்டியதாகிவிட்டது. அடுத்த வாரம் மறுபடியும் வந்தார். அந்த முறையும் சில மணித்தியாலம் கூட விட்டுத்தான் வைத்திருந்தார், ஆனால் விழவில்லை.

பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வெள்ளவத்தையில் பாதிப் பெண்களுக்குத் தெரிந்துவிடும், ஏனென்றால் பாதிப் பெண்களுக்கு அவர்தான் சாறி பிளவுஸ் தைத்தார். கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில் ஒரு தொடர்மாடி. அவர் கீழ்த்தளத்தில் தனியாக, நான் மூன்றாம் மாடியில் ஓர் அறையில். துணியை வெட்டும்போதெல்லாம் ஒன்றைச் சொல்லிக்கொண்டே வெட்டுவார்: "குறைய வெட்டினா ஒட்டேலாது. கூட வெட்டினாப் பிடிச்சுத் தைக்கலாம்." தையல் தெரிந்த எல்லோரும் ஓரத்தில் கொஞ்சம் துணி விட்டுத்தான் வெட்டுவார்கள். அதில் தவறில்லை. அன்ரி அதைத் துணியோடு நிறுத்தவில்லை என்பதுதான் கரைச்சல்.

அவருடைய சுவர் மணிக்கூடு முன்னுக்கு ஓடும். அது முன்னுக்கு ஓடுகிறது என்பது அவருக்குத் தெரியும், ஆகவே மனதுக்குள் கழிப்பார். கழித்தது கூடிப்போயிருக்குமோ என்று பயந்து மறுபடி கொஞ்சம் கூட்டுவார். அந்த வீட்டில் சரியாக எத்தனை மணி என்று யாருக்கும் ஒருபோதும் தெரிந்ததில்லை. பஸ்ஸில் போனால் ஒரு தரிப்பு முன்னதாகவே இறங்கிவிடுவார். வயது கேட்டால் நாலைந்து வருடம் கூட்டிச் சொல்லுவார். மற்றப் பெண்கள் எல்லாம் குறைத்தல்லவா சொல்வார்கள் என்று கேட்டேன்.

"கூடச் சொல்லி வைச்சா, பிறகு ஆரும் கிழவி எண்டாலும் மனம் நோகாது பிள்ளை."

எனக்கோ இதெல்லாம் ஆகாது. என் தொழில் அப்படி. ஒரு துளி கூடினாலும் முடிவு பிழையாகிவிடும். தொழிலில் தொடங்கி என் குணமும் அப்படியே ஆகிவிட்டது. சமையலில் உப்புக் கூடினாலும் கோபம் வரும், ஆள் ஐந்து நிமிடம் முந்தி வந்தாலும் கோபம் வரும். என் சித்தப்பா மகளின் கல்யாணத்துக்கு அன்ரி தைத்துத் தந்த பிளவுஸுக்குள் நானும் என் கைப்பையும் சேர்ந்து நிற்கலாம். கையில் எடுத்துக்கொண்டு கீழே போய்ச் சண்டை பிடித்தேன்.

"உமக்கு இன்னும் கல்யாணமாகேல்லையே," என்றார் அமைதியாக. "பிறகு உடம்பு வைக்கும். அப்ப பிரிச்சுப் போடலாம்."

அன்றைக்கு அவருடன் இனிக் கதைப்பதில்லை என்று முடிவு செய்தேன். அன்று இரவு அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். ஒரு ஆளுக்கு என்று சமைத்தாலும் மூன்று பேருக்கு இருக்கும். புட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி. வாரத்தில் ஒரு சண்டை, நாலு சாப்பாடு என்று எங்கள் சிநேகிதம் போய்க்கொண்டிருந்தது. அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. அதை அவரிடம் சொன்னதில்லை; சொன்னால் அதையும் கொஞ்சம் கூட்டி ஊருக்குச் சொல்லிவிடுவார்.

இந்தப் பழக்கத்தால் அவர் இழந்தது ஒன்று உண்டு. கொட்டாஞ்சேனையில் அவருக்கு ஒரு தங்கச்சி. தங்கச்சியின் கல்யாணத்துக்கு அன்ரிதான் பிளவுஸ் தைத்தார். மாலை மாற்றுவதற்குப் பொம்பிளை கையைத் தூக்கியதும் பிளவுஸ் தோளிலிருந்து கழன்று முழங்கை வரைக்கும் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் தாய், ஏன் இவ்வளவு லூஸாகத் தைத்தீர்கள் என்று காதோடு காதாகக் கேட்டார். அன்ரிக்குக் காதோடு காதாகப் பேசத் தெரியாது. "வயித்தில பிள்ளை வந்தாலும் போடட்டுமெண்டுதான் விட்டனான்!" என்று மண்டபம் முழுவதும் கேட்கச் சொன்னார். பக்கத்தில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கசெட் பிரதி பிரதியாக யாழ்ப்பாணம், லண்டன், கனடா எல்லாம் போனது. மாப்பிள்ளை வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர் மிச்சமில்லாமல் அதைக் கேட்டார்கள்.

அதிலிருந்து தங்கச்சி அக்காவோடு நேரே கதைப்பதில்லை. முழுதாக முறித்துக்கொள்ளவும் இல்லை. செத்த வீடு, கல்யாண வீடு என்று கண்டால் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவார்கள். அக்காவுக்கு முன்னால் இருக்கிற பருப்புச் சட்டி வேண்டுமென்றால் தங்கச்சி மூன்றாவது ஆளைப் பார்த்து, "அதை இஞ்சால தரச் சொல்லுங்கோ" என்பார். அன்ரி சட்டியை நீட்டிக்கொண்டு நேரே ஏதாவது கேட்பார். பதில் மூன்றாவது ஆளுக்கு வரும். கால் நூற்றாண்டாக அக்கா என்ற சொல்லைத் தங்கச்சி வாயிலிருந்து கேட்டதில்லை என்று ஒருநாள் பிளவுஸுக்குக் கொளுக்கி தைத்துக்கொண்டே சொன்னார். வழமையாக அவர் சொல்வதில் நான் பாதியைக் கழிப்பேன். அன்றைக்குக் கழிக்கவில்லை.

பெற்றோல் இல்லாத அந்த வருடத்தில் தங்கச்சியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது. மகள் கூறைச்சேலைக்குரிய சிவப்புப் பட்டுத் துணியோடு வெள்ளவத்தைக்கு வந்து, "பெரியம்மா, நீங்கள்தான் தைக்க வேணும்" என்று அன்ரியின் கட்டிலில் இருந்துவிட்டாள். தாய் சொல்லியனுப்பியதையும் சொன்னாள்.

"கல்யாணத்துக்கு முதல்நாள் பொழுதுபடுறதுக்குள்ள நீங்களே வீட்டை வந்து, எனக்குப் போட்டுப் பார்த்து, உடம்புக்கு அளவாப் பிடிச்சுத் தரவேணுமாம். இல்லாட்டி கடையில வாங்கி வைச்ச பிளவுஸ்தானாம்."

இது சவால் என்று நான் நினைத்தேன். அன்ரி அப்படி நினைக்கவில்லை.

"வீட்டை வரச் சொல்லியிருக்கிறாள் பிள்ளை," என்று அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். "இப்ப நான் போகாட்டி, இனி ஒருக்காலும் கேக்க மாட்டாள்."

போவது எப்படி? முச்சக்கர வண்டிகள் எல்லாம் பெற்றோல் வரிசையில் நின்றன. வந்த ஒன்றிரண்டு பஸ்களில் ஆட்கள் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போனார்கள். ரெயினைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். முழங்கால் வருத்தம் உள்ள, பாரமான ஒரு மனுசிக்கு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை அந்த மாதத்தில் வெளிநாடு. நான் கொழும்பில் பாதிப் பேரைப் போல ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருந்தேன். "நான் ஏத்திக்கொண்டு போறன் அன்ரி" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன மூன்றாம் நாள் பம்பலப்பிட்டியில் மூடியில்லாத ஒரு சாக்கடைக் காணுக்குள் பின்சக்கரத்தை இறக்கினேன். றிம் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது, சக்கரக் கம்பிகளில் பாதி முறிந்துவிட்டன.

சந்தைப் பக்கம் சைக்கிள் திருத்துகிற சிங்களவர் ஒருவர் இருந்தார், பாஸ் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். எங்கேயோ தேடி இருபத்தாறு அங்குல றிம் ஒன்று எடுத்துத் தந்தார். இருபத்தாறு என்றால் எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். இல்லை, அதே பெயரில் நாலு வகை இருக்கிறதாம். இது என் பழைய றிம்மைவிட ஒரு விரல் சின்னது. ஆகவே பழைய கம்பியை வைத்து அளவு எடுக்க முடியாது. பாஸிடம் நீளமான கம்பிக் கட்டு ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. இறக்குமதி நின்றுபோனதால் வேறு வராது. நீளத்தைச் சொன்னால் வெட்டி, நுனியில் மரை போட்டு, சக்கரம் கோத்துத் தருவார். பிழையாகச் சொன்னால் அவர் பொறுப்பில்லை.

சந்தோசத்தோடு அளவு நாடாவையும் கைபேசியையும் எடுத்துக்கொண்டு இருந்தேன். இது என் விளையாட்டு. நடுக்குடத்தில் உள்ள துளைகளின் வட்டம் எவ்வளவு, றிம்மில் கம்பி நுனியைப் பிடிக்கிற நிப்பிள் வந்து இருக்கிற இடத்தின் வட்டம் எவ்வளவு, குடத்தின் அகலம் எவ்வளவு, ஒரு கம்பி எத்தனை கம்பிகளைக் குறுக்கே கடந்து போகிறது, இதையெல்லாம் கொடுத்தால் இணையத்தில் கணக்குப் பார்த்துச் சொல்லும். சொன்னது இருநூற்று அறுபத்தைந்து மில்லிமீற்றர்.

அன்ரிக்குக் கைபேசி சொன்னதில் நம்பிக்கையில்லை. தன் மண்ணிறக் கடதாசியை நிலத்தில் விரித்தார். றிம்மை அதன்மேல் படுக்கவைத்துக் கோடு கீறினார். நடுவில் குடத்தை வைத்துக் கோடு கீறினார். துளைகளை எண்ணிப் புள்ளி போட்டார். கம்பி குடத்திலிருந்து நேரே வெளியே போகாது, சரிந்து மூன்று கம்பிகளைக் கடந்து போகும் என்று நான் விளக்கத் தொடங்கினேன்.

"விளங்குது பிள்ளை. நேர்வெட்டில்லை, குறுக்குவெட்டு," என்றார்.

ஆனால் கடதாசி தட்டை, சக்கரம் தட்டையில்லை, குடத்துக்கு அகலம் இருக்கிறது என்று அடுத்த சிக்கலைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உம்மட நெஞ்சும் தட்டையில்லைத்தானே. அப்ப எப்பிடித் தைச்சனான்? டார்ட் பிடிச்சுத்தானே?"

கடதாசியின் நடுவை மடித்துக் குடத்தின் உயரத்துக்குக் கூரைபோலத் தூக்கிப் பிடித்து, அந்தச் சரிவில் நாடாவை வைத்து அளந்தார். பத்தரை அங்குலத்துக்கு அரை நூல் குறைய என்றார்; அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல். மில்லிமீற்றருக்கு மாற்றிப் பார்த்தேன். இருநூற்று அறுபத்தைந்து. எனக்கு மயிர் கூச்செறிந்தது. இந்த மனுசிக்குச் சரியாக அளக்கத் தெரியும்! இவ்வளவு காலமும் தெரிந்துகொண்டுதான் இந்த அநியாயம் செய்திருக்கிறார்.

"சரியா வந்திட்டுதோ?" என்று கேட்டார்.

"அச்சொட்டாச் சரி அன்ரி!"

"அப்ப கால் அங்குலம் விடுவம்."

நான் கத்தினேன். இது துணியில்லை, கம்பி; பிடித்துத் தைக்க முடியாது; கூடினால் உள்ளே நீட்டிக்கொண்டு நின்று ரியூப்பைக் குத்தும் என்று படம் கீறிக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு "ஓம் ஓம்" என்றார். அவர் ஓம் என்று ஒருதரம் சொன்னால் ஓம். இரண்டுதரம் சொன்னால் இல்லை. அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த நாள் வேலைக்குப் போகிற வழியில் பாஸிடம் நீளத்தைச் சொல்லிவிட்டுப் போனேன். எனக்குப் பின்னால் சந்தைக்குப் போன அன்ரி, தன்னுடைய சிங்களத்தில், மிஸ் சொன்னதைவிடக் கால் அங்குலம் கூட வையுங்கள், மரையையும் நீளமாகப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு மீன் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

கல்யாணத்துக்கு முதல்நாள் காலையில்தான் சக்கரம் ஆயத்தமானது. போய்ப் பார்த்தேன். சுற்றிவிட்டால் கோணல் இல்லாமல் அழகாகத்தான் சுழன்றது. ஆனால் றிம்மின் உள்வட்டம் முழுவதும் முப்பத்தாறு கம்பிகளும் தலையை நீட்டிக்கொண்டு முள்முள்ளாக நின்றன.

"மிஸ், திக வெடியி," என்றார் பாஸ், நீளம் கூடிவிட்டது என்று கவலையோடு. "அன்ட்டி கிவ்வா." அன்ட்டி சொன்னாவாம்.

அன்ட்டி பின்னால்தான் நின்றார். சந்தை வாசலில், மீன்காரர், மரக்கறிக்காரர் எல்லோரும் பார்க்க, நான் என்ன சொல்லிக் கத்தினேன் என்று எனக்கே ஞாபகமில்லை. அன்ரி குனிந்து றிம்மைப் பார்த்தார்.

"உள்ளுக்குத்தானே நிக்குது," என்றார். "வெளியில ஒண்டும் தெரியாது."

நுனிகளை நறுக்கினால் கூராகிவிடும், மெசினில் தேய்த்து மழுக்க வேண்டும் என்றார் பாஸ். மெசினுக்குக் கரன்ட் வேண்டும். கரன்ட் பின்னேரம்தான் வரும். கையால் அராவத் தொடங்கினால் அன்றைய பொழுது போய்விடும். போகவே முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்ரிக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் விறுவிறென்று வீட்டுக்குப் போனார். முழங்கால் வருத்தம் உள்ளவர் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வந்தபோது கையில் ஒரு பட்டி இருந்தது. சட்டைக் கொலருக்குள் வைக்கிற தடித்த கன்வஸ் துணியை நாலைந்து மடிப்பாக மடித்து, கையால் சுற்றுகிற மெசினில் வரிவரியாகத் தையல் ஓட்டி, றிம்மின் சுற்றளவுக்கு வளையமாக இணைத்திருந்தார். இரண்டு ஓரத்துக்கும் மணப்பெண் பிளவுஸில் மிஞ்சிய சிவப்புப் பட்டில் பைப்பிங்கும் கொடுத்திருந்தார். ரயருக்குள்ளே போகிற, ஒருவர் கண்ணிலும் படாத பட்டிக்குப் பைப்பிங்!

"லைனிங் குடுத்தாக் குத்தாது," என்றார்.

பாஸ் அதைத் தடவித் தடவிப் பார்த்து, "ஹரிம லஸ்ஸனாய்" என்றார், சரியான வடிவாம். கம்பி முனைகளுக்கு மேலே அதைப் போட்டு, ரியூப்பையும் ரயரையும் ஏற்றினார். காற்றடித்தார். நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதை வைத்துக் கேட்டோம். ஒரு சத்தமும் இல்லை.

மத்தியானம் கழிந்துதான் புறப்பட்டோம். பின்கரியரில் தலையணை, தலையணையில் அன்ரி, ஒரு பக்கமாக, மடியில் பிளவுஸ் பொட்டலம். காலி வீதி முழுவதும் சைக்கிள்களாக இருந்தன, ஆனால் எங்களைப் போல ஒரு சைக்கிள் இல்லை. நான் முக்கி முக்கி மிதித்தேன். அவர் பின்னால் இருந்து என்னை உற்சாகப்படுத்தினார்.

"பாரமா இருக்கோ பிள்ளை?"

"இல்லை அன்ரி."

"களைச்சா நிண்டு போவம். ரெண்டு மணித்தியாலம் விட்டுத்தானே வெளிக்கிட்டனாங்கள்."

கொள்ளுப்பிட்டி தாண்டிக் கொம்பனித்தெருப் பக்கம் திரும்பினோம். அங்கே பெற்றோல் வரிசை ஒரு கிலோமீற்றருக்கு நீண்டு கிடந்தது. பாதி வரிசையைக் கடந்திருப்போம், பின்சக்கரம் "சூ..." என்றது. இறங்கிப் பார்த்தால் ரயர் நிலத்தோடு ஒட்டிப்போயிருந்தது.

"நான் சொன்னனான்!" என்று தொடங்கினேன். "கால் அங்குலம்! கால் அங்குலம்!"

வரிசையில் காரோடு இரண்டு நாளாக நின்ற ஒரு முஸ்லிம் ஐயா இறங்கி வந்தார். வரிசையில் நிற்கிறவர்களிடம் அப்போது எல்லாம் இருக்கும்; இவரிடம் பம்பும் ஒட்டுப்போடுகிற சாமானும் இருந்தன. ரயரைக் கழற்றியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது என்ன உம்மா? சக்கரத்துக்கும் சட்டை தச்சிப் போட்டிருக்கீங்க?"

சிவப்புப் பைப்பிங்கைப் பார்க்க வரிசையிலிருந்து இன்னும் பலர் வந்தார்கள். ஐயா விரலால் பட்டியைச் சுற்றித் தடவினார். கம்பி ஒன்றுகூடத் துணியைத் தாண்டி வரவில்லை. கடைசியில் பட்டியின் இணைப்பிலிருந்து எதையோ பிடுங்கி அன்ரியிடம் நீட்டினார்.

"இது ஒங்கட ஊசி தானே?"

குண்டூசி. மணித் தலையுள்ளது. அவசரத்தில் தைக்கும்போது எடுக்க மறந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. வீதியோரத்தில் குந்தியிருந்து சிரித்தேன். வரிசையே சிரித்தது. ஒட்டுப் போட்டு முடியும்வரை நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் அன்ரியின் முகத்தைப் பார்த்தேன். பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேற்கே சாய்ந்துவிட்ட வெயிலைப் பார்த்தபடி நின்றார்.

"நேரம் போச்சுது பிள்ளை," என்றார். "எல்லாம் போச்சுது. அவள் இப்ப மகளுக்குக் கடைச் சட்டையைப் போட்டுப் பாப்பாள்."

எதிலும் மிச்சம் வைத்திருக்கிற மனுசி கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை. ஏறுங்கோ அன்ரி என்றேன். அதன்பிறகு எப்படி மிதித்தேன் என்று கேட்காதீர்கள். புறக்கோட்டையில் ஆட்களுக்குள்ளால் மணியடித்துக்கொண்டே போனேன். கொட்டாஞ்சேனை ஏற்றத்தில் சைக்கிள் நின்றுவிட்டது. அன்ரி குதித்து இறங்கி, பொட்டலத்தைத் தலையில் வைத்து ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் முதுகைத் தள்ளத் தொடங்கினார். சைக்கிளைத் தள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நானும் சொல்லவில்லை.

வீட்டுக்குள் போனபோது வெளியே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. கடையில் வாங்கிய பிளவுஸ் கட்டிலில் விரித்துக் கிடந்தது. தங்கச்சி அதற்குப் பக்கத்தில் நின்றார். அன்ரியின் அதே மூக்கு, அதே பாரம். வியர்வையும் கிரீஸும் வழிய நின்ற எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு என்னை மட்டும் பார்த்தார்.

"பிள்ளை, உங்களோட வந்தவவைக் கதிரையில இருக்கச் சொல்லுங்கோ."

இருவருக்கும் நடுவில் மூன்று அடி தூரம்தான். நான் திரும்பி, "அன்ரி, கதிரையில இருக்கட்டாம்" என்றேன்.

"நான் இருக்க வரேல்லை. பிள்ளையைக் கூப்பிடு."

மகள் பிளவுஸைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோதும் அது அப்படியேதான் இருந்தது. அக்குளில் இரண்டு கோழிக்குஞ்சு வைக்கலாம்.

"கேளுங்கோ பிள்ளை," என்றார் தங்கச்சி என்னிடம், "இந்தச் சட்டைக்குள்ள இன்னும் ஆர் ஆர் வரப்போகினம் எண்டு."

"அன்ரி, இந்தச் சட்டைக்குள்ள..."

"கேட்டது, கேட்டது. பிடிக்கத்தானே வந்தனான்." அன்ரி ஊசிகளை வாயில் கவ்விக்கொண்டு மகளுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தார். துணியைப் பிடித்தார்.

"அது காணாது. இன்னும் பிடிக்கச் சொல்லுங்கோ."

"அன்ரி, இன்னும் பிடிக்கட்டாம்."

"இன்னும் பிடிச்சா நாளைக்குப் பிள்ளை சாப்பிடுறதில்லையோ? மூச்சு விடுறதில்லையோ?"

"மூச்சு விடுறதுக்கு இவ்வளவு வேணுமோ எண்டு கேளுங்கோ!"

"அன்ரி, மூச்சுக்கு..."

நான் முடிக்குமுன் இவர் பதில் சொன்னார். அதை நான் திருப்பிச் சொல்லுமுன் அவர் பதில் சொன்னார். என் கழுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பி நோகத் தொடங்கியது. மகள் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தாள். சண்டை கையிலிருந்து தோளுக்கும் தோளிலிருந்து முதுகுக்கும் போனது. அன்ரி பிடித்திருந்த மடிப்பை விரலால் அரைவாசி தளர்த்தியதுதான் தாமதம், தங்கச்சி பாய்ந்து வந்து மற்றப் பக்கத்தில் முழங்காலில் இருந்து துணியைத் தன் கையாலேயே இழுத்துப் பிடித்தார்.

"இவ்வளவு! இவ்வளவு பிடிக்க வேணும்! உனக்கென்ன விசரே அக்கா!"

தங்கச்சிக்கே தான் சொன்னது பிறகுதான் விளங்கியது போலிருந்தது. ஆனால் துணியிலிருந்து கையை எடுக்கவில்லை. அன்ரியின் வாயில் ஊசிகள். இரண்டு கையிலும் துணி. கண்ணீர் வழியத் தொடங்கியதும் அதைத் துடைக்க அவருக்கு ஒரு கையும் இல்லை. பட்டில் விழாமல் இருக்க முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டார்.

"விசர் உனக்குத்தான்," என்றார் ஊசிகளுக்குள்ளால். "கையை எடு, நான் பிடிக்கிறன்."

"நீ பிடிச்ச சீரைப் பாத்தனான்தானே. கண்ணைத் துடை முதல், பட்டில விழுந்தாக் கறை போகாது." சொல்லிக்கொண்டே தங்கச்சி தன் உடுப்பின் கையை இழுத்து அன்ரியின் முகத்தை அழுத்தித் துடைத்தார். மீன் கழுவுவதுபோலத்தான் துடைத்தார், அவ்வளவு கோபம். அன்ரி முகத்தைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

அதன்பிறகு ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் வெளியே போய், படியில் இருந்து, சைக்கிளின் பின்சக்கரத்தைப் பார்த்தபடி நன்றாக அழுதேன். உள்ளே இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள்.